கடல் சூழ்ந்த தீவுகளும் அயோடின் குறைபாடும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பள்ளிச் சிறாருக்கு அயோடின் குறைபாடு நேரக்கூடும் என்று சொன்னால் கேட்பவர்கள் எளிதில் நம்புவதில்லை. நாற்புறமும் கடல், அயோடினுக்கோ பிறப்பிடமே கடல், போதாததற்கு மீன் உண்ணும் மக்கள். முன்கழுத்துக் கழலை என்பது இமயமலை அடிவாரத்து மக்களுக்கு வரும் நோய் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள் நாம். இந்த எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றி நிருவாகத்திலும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. தீவுகளின் பள்ளிச் சிறாரை முன்னிறுத்தி இந்த எண்ணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலின் சிறு தேவை

வளர்ந்த மனிதனின் உடலில் உள்ள மொத்த அயோடின் 15 முதல் 20 மில்லிகிராம்தான். அதில் பெரும்பகுதி கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பியில் தங்கியிருக்கிறது. அச்சுரப்பி அயோடினைக் கொண்டு தைராக்சின் முதலான இயக்குநீர்களை உண்டாக்குகிறது. உடல் வளர்ச்சி, உடற்சூடு, எல்லாவற்றுக்கும் மேலாக மூளை வளர்ச்சி ஆகியவை இவற்றைச் சார்ந்தவை. நாளொன்றுக்கு 6 முதல் 12 வயதுச் சிறாருக்கு 120 மைக்ரோகிராமும், பெரியவர்களுக்கு 150 மைக்ரோகிராமும், கருவுற்ற தாய்மார்களுக்கு 250 மைக்ரோகிராமும் தேவை என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எழுபது ஆண்டுகள் வாழும் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதற்கும் கொள்ளும் அயோடினை ஒரு தேக்கரண்டியில் அடக்கிவிடலாம்.

ஆயினும் இதைச் சேமித்து வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழ உடலால் இயலாது. உட்கொள்ளும் அயோடினில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. எனவே நாள்தோறும் சிறிதளவு வந்துகொண்டே இருக்கவேண்டும். வரத்துக் குறைந்தால் சுரப்பி கூடுதலாக உழைத்துப் பருக்கிறது, அதுவே கழலை. கழலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அதுவே நோய் என்று நாம் நினைத்துவிட்டோம். உண்மையில் கழலை வெளிப்புற அடையாளம் மட்டுமே. கருவிலிருக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு நேர்ந்தால் காது கேளாமை, பேச்சின்மை, அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். குறைபாடுள்ள பகுதிகளிலும் போதிய அயோடின் பெறும் பகுதிகளிலும் வளர்ந்த சிறாரை ஒப்பிட்ட பல ஆய்வுகளின் தொகுப்பு, அவர்களது அறிவுத்திறன் ஈவுக்கிடையே சராசரியாக 12 முதல் 13 புள்ளிகள் வேறுபாடு இருப்பதைக் காட்டுகிறது. வகுப்பறையில் இது எப்படித் தோன்றும்? கழுத்தில் வீக்கம் ஏதுமில்லாத, ஆனால் பாடத்தில் பின்தங்கிய மாணவனாகத் தோன்றும். அவனை மந்தபுத்தி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்.

கருவில் நேர்ந்த சேதத்தைப் பள்ளிப் பருவத்தில் திருத்த முடியாது. எனினும் பள்ளிப் பருவத்தில் தொடரும் குறைபாட்டைப் போக்கினால் பயனுண்டு. 2006-இல் வெளியான அல்பேனிய ஆய்வொன்றில், குறைபாடுள்ள 10 முதல் 12 வயதுச் சிறாருக்கு அயோடின் கொடுத்தபோது சில அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் தெளிவான முன்னேற்றம் காட்டினர். மேலும், இன்று எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுமி சில ஆண்டுகளில் தாயாகப் போகிறவள். அவளது அயோடின் நிலை அடுத்த தலைமுறையின் முதலீடு.

மலை நோய் என்ற முடிவு வந்த வழி

நம் நாட்டில் இத்துறைக்கு அடித்தளமிட்டது காங்ரா பள்ளத்தாக்கு ஆய்வு. 1956-இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் இன்றைய இமாச்சலப் பிரதேசத்திலுள்ள அப்பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, மூன்றாவதற்குச் சாதாரண உப்பு வழங்கப்பட்டது. 1962-இல் மறு ஆய்வு செய்தபோது அயோடின் உப்புப் பெற்ற இரு பகுதிகளிலும் சிறாரிடையே கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்புப் பெற்ற பகுதியில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது. ஈரக்காற்று நிறைந்த நம் நாட்டுக்கு அயோடைடைவிட அயோடேட்டே நிலைத்து நிற்கும் என்ற தெளிவும் பிறந்தது. இன்றும் நம் உப்பில் சேர்க்கப்படுவது பொட்டாசியம் அயோடேட்தான்.

1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. அது இமயமலைப் பட்டையை மட்டுமே கருத்தில் கொண்டது. உற்பத்தி குறைவாக இருந்த அந்நாளில், நோய் மிகுந்த இடத்துக்கு முதலில் அனுப்பியது நியாயமே. ஆனால் முன்னுரிமைக்காக வரைந்த எல்லைக்கோட்டை நாளடைவில் நோயின் எல்லைக்கோடாகவே எடுத்துக்கொண்டோம். அரசுக் கோப்புகளில் இத்தகைய மயக்கம் புதிதன்று. எங்கே கணக்கெடுக்கவில்லையோ அங்கே நோயில்லை என்று பதிவாகிவிடும். பிறகு சமவெளிகளிலும் கடற்கரை மாவட்டங்களிலும் கணக்கெடுப்பு நடந்தபோது படம் மாறிற்று. மத்திய சுகாதார அமைச்சகம் பின்னாளில் வெளியிட்ட விவரப்படி, ஆராயப்பட்ட 414 மாவட்டங்களில் 337 மாவட்டங்கள் குறைபாடுள்ளவை. எந்த மாநிலமும் எந்த ஒன்றியப் பகுதியும் இதிலிருந்து முற்றிலும் விடுபட்டதாக இல்லை என்பதே அரசின் அறிவிக்கப்பட்ட நிலை.

எனவேதான் உண்ணும் உப்பு முழுவதையும் அயோடின் உப்பாக்குவது என 1984-இல் முடிவெடுக்கப்பட்டு, 1986 ஏப்ரல் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1992-இல் திட்டத்தின் பெயரும் தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என மாறிற்று. அயோடின் கலவாத உப்பை உணவுக்காக விற்பதற்கான நாடுதழுவிய தடை 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்து, 2000 செப்டம்பரில் விலக்கப்பட்டு, 2006 மே 17 முதல் மீண்டும் விதிக்கப்பட்டது. உப்பு விஷயத்தில் மக்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்ற வாதம் நம் நாட்டில் தனி உணர்ச்சியோடு எழுவது இயல்பே. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயன்படுத்தும் வாய்ப்பு இல்லை என்பதையும் அவ்வாதத்துடன் சேர்த்தே எடைபோடவேண்டும். இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகள் நமக்கு இலாபமாக அமையவில்லை என்பது என் கருத்து.

கடல் அருகிருந்தும்

கடல்நீரில் அயோடின் உண்டு. ஆனால் ஒரு லிட்டருக்குச் சுமார் 50 முதல் 60 மைக்ரோகிராம்தான். ஒரு சிறுவனின் ஒரு நாள் தேவையைப் பெற இரண்டு லிட்டருக்கும் மேற்பட்ட கடல்நீர் வேண்டும். கடலிலிருந்து ஆவியாகும் அயோடின் மழையுடன் நிலத்துக்குத் திரும்புகிறது என்றாலும் அந்த அளவு மிகச் சிறியது. அதே மழை மிகுதியாகப் பெய்தால் மண்ணிலிருப்பதையும் கரைத்துக் கடலுக்கே கொண்டு சேர்த்துவிடுகிறது. பனிப்பாறைகளும் வெள்ளமும் அரித்த மலைச்சரிவுகளில் நிகழ்வதும் இதுவே. அயோடின் வளமுள்ள மண்ணில் விளையும் பயிரில் உலர்ந்த எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் இருக்குமானால், வளமற்ற மண்ணில் விளைவதில் அதில் நூறில் ஒரு பங்கே இருக்கக்கூடும். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளும் மாறி மாறி மண்ணைக் கழுவுகின்றன.

உப்பைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கடல்நீரிலிருந்து விளையும் உப்பில் கடலின் அயோடின் இருக்குமே என்று பலர் கேட்கின்றனர். பாத்தியில் உப்பு படியும்போது அயோடின் பெரும்பாலும் படியாமல், வடித்துவிடப்படும் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. கடற்கரையில் விளைந்த கல்லுப்பும் மலையில் வெட்டிய பாறை உப்பும் இவ்வகையில் ஒன்றேதான். அயோடின் சேர்க்கப்பட்டால் உண்டு, இல்லையேல் இல்லை.

மீன் மட்டும் உண்மையான துணை. கடல்மீன், இறால், நண்டு ஆகியவற்றில் அயோடின் கணிசமாக உண்டு; எனினும் மீனுக்கு மீன் அளவு பெரிதும் வேறுபடுகிறது. தீவில் வாழ்கிறார்கள் என்பதற்காக எல்லோரும் எல்லா நாளும் மீன் உண்கிறார்கள் என்று கொள்வதும் பிழை. காற்று மழைக் காலத்தில் படகுகள் கரையில் நிற்கும். உள்பகுதியில் நெல்லும் காய்கறியும் பயிரிடும் குடியேற்ற ஊர்களில் மீன் விலை கொடுத்து வாங்கும் பொருள். ஏழைக் குடும்பத்துக் குழம்பில் உள்ள இரண்டு துண்டுகள் யார் தட்டுக்குப் போகின்றன என்பதும் கேட்கத் தக்க கேள்வியே.

தீவாக இருப்பது தானாகப் பாதுகாப்பளிக்காது என்பதற்கு அண்டை நாடே சான்று. இலங்கையில் 1986–87-இல் 17 மாவட்டங்களில் பள்ளிச் சிறாரிடம் நடத்திய ஆய்வில் கழலை பாதிப்பு 18.8 விழுக்காடு எனத் தெரியவந்தது. மிக அதிகமாக 30.2 விழுக்காடு இருந்த மாவட்டம் களுத்துறை. அது மலையுச்சியில் இல்லை. தென்மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. மிகக் குறைந்த பாதிப்பு உள்நாட்டு மாவட்டமான மாத்தளையில் காணப்பட்டது. இலங்கையின் கழலைப் பட்டை, மழை மிகுந்த ஈர வலயத்தோடு பெரிதும் பொருந்தி நிற்கிறது. 1990-களின் இடையில் அந்நாடு உண்ணும் உப்பு முழுவதற்கும் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிற்று. பின்னர் நிலைமை வெகுவாகச் சீர்பட்டது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் 1970-களில் நிக்கோபார் மாவட்டத்துக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். மழை மிகுந்த ஒரு தீவிலிருந்து மழை மிகுந்த மற்றொரு தீவுக்கு வந்தவர்கள் அவர்கள்.

கப்பலில் வரும் உப்பு

இத்தீவுக் கூட்டம் நாட்டின் உப்பு விளையும் பகுதிகளுள் ஒன்றன்று. உப்பளத்துக்கு வேண்டிய நீண்ட வறண்ட பருவம் இங்கில்லை. தீவுகளில் உண்ணப்படும் உப்பு தாயகத்திலிருந்து கப்பலில் வருகிறது. போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னையிலிருந்து 1,190 கிலோமீட்டர். கொல்கத்தாவிலிருந்து 1,255 கிலோமீட்டர். அங்கிருந்து சரக்கு மீண்டும் சிறு கப்பல்களிலும் லாரிகளிலும் ஏறி வடக்கே மாயாபந்தர், டிக்லிப்பூர் வரையிலும், தெற்கே பத்துப் பாகைக் கால்வாயைக் கடந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் வரையிலும் செல்லவேண்டும்.

பொருளாதார மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. தலைக்கு நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு எனக் கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 1,390 டன் வேண்டும். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் என்ற அளவில் அவ்வளவு உப்புக்கும் சேர்க்கவேண்டிய பொட்டாசியம் அயோடேட் சுமார் 70 கிலோ. அதாவது ஒரு மனிதனின் எடை. ஒருவருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவை ஐந்து அமெரிக்கச் சென்ட் என உலக நிறுவனங்கள் மதிப்பிட்டுள்ளன. வளர்ச்சித் திட்டங்களில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய பயன் தரும் இன்னொன்றைச் சொல்வது கடினம். ஆகவே சிக்கல் பணத்தில் இல்லை. சேர்த்த அயோடின் குழந்தையின் தட்டு வரை தங்குகிறதா என்பதில் இருக்கிறது.

இதற்குத் திட்டத்தில் வகுக்கப்பட்ட அளவு, உற்பத்தி நிலையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், நுகர்வோர் நிலையில் குறைந்தது 15 மில்லிகிராம் என்பதாகும். போக்குவரத்திலும் சேமிப்பிலும் 20 விழுக்காடும், சமையலில் மேலும் 20 விழுக்காடும் இழப்பாகும் என்பது பொதுவான கணிப்பு. அவ்வாறாயின் 30 என்பது வீட்டை அடையும்போது 24 ஆகி, தட்டை அடையும்போது சுமார் 19 ஆகிறது. நாளொன்றுக்கு 6 கிராம் உப்பு உண்ணும் சிறுவன் 115 மைக்ரோகிராம் பெறுகிறான். ஏறக்குறைய முழுத் தேவை. வீட்டு உப்பில் 15 மட்டுமே இருந்தால் அவனுக்குக் கிடைப்பது 72. அது 7-ஆகக் குறைந்திருந்தால் 34. எஞ்சியதை மீனும் பாலும் முட்டையும் ஈடுசெய்யவேண்டும்.

ஆனால் 20 விழுக்காடு என்ற கணிப்பு ஈரக்காற்று நிறைந்த தீவுகளுக்குப் பொருந்துமா? தூய உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடு கலந்த மட்டமான உப்பு அதற்கு வெகு முன்பே கசியும். தீவுகளில் மழைக் காலம் முழுவதும் ஈரப்பதம் அந்த வரம்பை ஒட்டியோ அதற்கு மேலோதான் நிற்கிறது. டொரான்டோ பல்கலைக்கழகத்தினர் பல நாட்டு உப்புகளை வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்து ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. மிகுந்த ஈரத்தில் அயோடின் இழப்பு 30 விழுக்காட்டிலிருந்து 98 விழுக்காடு வரை சென்றது. இடைவெளியின்றி மூடிய பாலிதீன் உறையில் இட்ட உப்பு பெருமளவு காப்பாற்றப்பட்டது. நெய்சாக்கில் வைத்தது அவ்வாறு காப்பாற்றப்படவில்லை.

இதை நான் ஏட்டில் படித்தது முன்பு. கண்ணால் கண்டது பின்பு. அலுவல் நிமித்தமாக நடு அந்தமானுக்குச் சென்றிருந்தபோது ஒரு சிற்றூர்க் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். கடைக்காரர் தமிழர், பெற்றோர் காலத்தில் வந்து குடியேறியவர். மூலையில் மரப்பலகைமீது வாய் திறந்த உப்புச் சாக்கும், அதன் அடியில் ஒரு தகர டப்பாவும் இருந்தன. டப்பா எதற்கென்று கேட்டேன். "மழைக் காலத்தில் உப்பு தண்ணீராக ஓடும் சார், தரையெல்லாம் வீணாகிவிடும். இதில் பிடித்துக் காலையில் வெளியே கொட்டிவிடுவேன்" என்றார். என்னோடு வந்த சுகாதாரப் பணியாளரிடம் சோதனைக் கரைசல் இருந்தது. சாக்கின் மேற்புறத்து உப்பில் ஒரு சொட்டு விட்டோம். நிறம் மங்கலாகவே வந்தது. அடிப்புறத்து உப்பு சற்று அடர்த்தியான நீலத்தைக் காட்டிற்று. டப்பாவிலிருந்த நீரோ கருநீலமாயிற்று. அயோடேட் நீரில் கரைந்து கீழே இறங்கி, ஒவ்வொரு நாள் காலையிலும் வாசலில் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் எந்தக் கலப்படமும் செய்யவில்லை. சாக்கின்மீது அச்சிட்டிருந்த விவரமும் உற்பத்தி நாளில் உண்மையாகவே இருந்திருக்கும்.

கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தும் நம் வீட்டு வழக்கமும் இதே வேலையைச் செய்கிறது. அழுக்கைப் போக்குவதாக எண்ணி, மணிகளின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள அயோடேட்டையும் வடித்துவிடுகிறோம். 2018–19-இல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில் நாட்டு வீடுகளுள் 76.3 விழுக்காட்டில் மட்டுமே போதிய அளவு அயோடின் உள்ள உப்பு இருந்தது. ஏதோ ஓரளவேனும் அயோடின் உள்ள உப்பு இருந்த வீடுகளோ பத்தில் ஒன்பதுக்கும் மேல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் தகர டப்பாக்கள் இருக்கின்றன. அந்த ஆய்வில் மிகவும் பின்தங்கிய மாநிலம் தமிழ்நாடு. கல்லுப்பு விருப்பத்தை நாம் கடல் கடந்தும் எடுத்துச் செல்கிறோம் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் நினைவிற்கொள்வது நல்லது.

நிக்கோபார் மக்களின் நிலை வேறு வகையானது. தென்னை, தாழை இனப் பழம், கிழங்கு, மீன், பன்றியிறைச்சி என்று தம் தீவிலேயே கிடைப்பதை உண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரையும் கச்சாலையும் பிற தீவுகளையும் சூறையாடியபின், தோப்புகளை இழந்த குடும்பங்கள் கப்பலில் வரும் அரிசியையும் பருப்பையும் நெடுநாள் நம்பவேண்டியதாயிற்று. உணவு மாறும்போது அயோடின் வரும் வழியும் மாறுகிறது. முன்பு கடலிலிருந்து நேரே வந்தது, இப்போது உப்புப் பொட்டலத்தில் வரவேண்டும். மரவள்ளி மிகுதியாக உண்ணப்படும் இடங்களில் இன்னொரு கவனமும் தேவை. அக்கிழங்கிலுள்ள நச்சுப்பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பி அயோடினை ஈர்ப்பதைத் தடுக்கிறது. அயோடின் போதிய அளவு இருந்தால் இதனால் தீங்கில்லை. குறைவாக இருந்தால் குறை இரட்டிப்பாகும்.

பள்ளியில் அளப்பது ஏன்?

அயோடின் நிலையை அறிய உலகெங்கும் 6 முதல் 12 வயதுச் சிறாரையே தேர்ந்தெடுக்கின்றனர். அவர்கள் ஓரிடத்தில் கிடைக்கிறார்கள் என்பது நிருவாக வசதி. அவர்களது சுரப்பி அயோடின் வரத்தின் ஏற்றத்தாழ்வை விரைவில் காட்டுகிறது என்பது அறிவியல் காரணம். கழுத்தைத் தடவிப் பார்த்துக் கழலையை மூன்று படிகளாகக் குறிக்கின்றனர். கழலை இல்லாதது சுழி. தொட்டால் தெரிவது ஒன்று. கழுத்து இயல்பாக இருக்கும்போதே கண்ணுக்குத் தெரிவது இரண்டு. நூற்றுக்கு ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கழலை இருந்தால் அப்பகுதியில் பொதுச் சுகாதாரச் சிக்கல் உண்டு என்று பொருள். முப்பதைத் தாண்டினால் கடுமையானது. ஆனால் பருத்த சுரப்பி சுருங்க மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். எனவே கழலைக் கணக்கு பழைய நிலையைச் சொல்கிறது. அண்மை நாள்களின் நிலையைச் சொல்வது சிறுநீரிலுள்ள அயோடின்.

இங்கே மாணவர்களும் அலுவலர்களும் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றைச் சுட்டவேண்டும். சிறுநீர் அயோடின் அளவு ஒரே குழந்தைக்கே நாளுக்கு நாள் மாறும். நேற்று மீன் உண்டவனும் உண்ணாதவனும் இன்று வேறுபடுவர். ஆகவே தனியொரு சிறுவனின் அளவை வைத்து அவனுக்குக் குறைபாடு என்று கூறலாகாது. ஒரு குழுவின் இடைநிலையளவே பொருள் தரும். அது லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் எனில் போதுமானது. 100-க்குக் கீழ் எனில் குறைவு. 300-ஐத் தாண்டினால் மிகை. மிகையும் தீங்கே. ஜப்பானின் ஹொக்கைடோ கடற்கரையில் கடற்பாசியை ஏராளமாக உண்ட மக்களிடையே மிகை அயோடினாலேயே கழலை உண்டானதை 1965-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். உப்புக்குக் கூடுதலாக மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்தால் நல்லதுதானே என்று ஆர்வமிகுதியால் கேட்கும் அலுவலர்கள் இதை நினைக்கவேண்டும்.

திட்ட வழிகாட்டுதலின்படி ஒரு மாவட்டத்தில் 30 இடங்களைத் தேர்ந்து, இடத்துக்கு 90 சிறார் வீதம் 2,700 பேரைப் பரிசோதிப்பது முறை. தாயகத்து மாவட்டம் ஒன்றுக்கு இது பொருத்தமானது. 2011-இல் 36,842 மக்களே வாழ்ந்த, பல தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நிக்கோபார் மாவட்டத்தில் இம்முறை இடர்ப்படும். ஒரு தீவில் மொத்தச் சிறாரே 90-க்குக் குறைவாக இருக்கலாம். மேலும் மாவட்டம் என்பது வருவாய் நிருவாகத்தின் அலகு. உப்புக்கு அலகு தீவு. வாரம் ஒருமுறை கப்பல் வரும் தீவும், கடல் கொந்தளித்தால் பல வாரங்கள் வராத தீவும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. கார் நிக்கோபாரின் நல்ல எண்ணும் தொலைதூரத் தீவின் மோசமான எண்ணும் கலந்து வரும் மாவட்ட இடைநிலையளவில் அத்தொலைதூரத் தீவு மறைந்துபோகும். எண்ணிக்கை குறைவாயினும் தீவு வாரியாகவே கணக்கிட்டு வெளியிடுவது இங்கு முறையாகும். ஜாரவா, சென்டினல் போன்ற பழங்குடியினர் இந்த உப்புச் சந்தைக்கே வெளியே வாழ்பவர்கள். அவர்களை இவ்வகைக் கணக்கெடுப்புகளால் அணுகலாகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

செய்யக்கூடியவை

தீவுகளுக்கு அனுப்பும் உப்பைச் சாக்கில் அனுப்பாமல், ஒரு கிலோ பாலிதீன் உறைகளில் மட்டுமே அனுப்பவேண்டும் என்ற ஒரே நிபந்தனை பாதி இழப்பைத் தடுக்கக்கூடும் என்று கருதுகிறேன். விலை சற்றுக் கூடும். ஆனால் கசிந்து கரையும் உப்பின் எடையையும் கணக்கில் சேர்த்தால் அந்தக் கூடுதல் பெரிதாகத் தோன்றாது. கிடங்குகளில் பழைய சரக்கு முதலில் வெளியேறவேண்டும்; மழைக் காலத்துக்கு முன் ஆறு மாதச் சரக்கை ஒருசேரக் குவிக்கும் வழக்கம் உணவுத் தானியத்துக்கு ஏற்றதாயினும் உப்புக்கு ஏற்றதன்று.

பள்ளி மதிய உணவுக்கூடத்தில் உள்ள உப்பு மிக முக்கியமானது. நாள்தோறும் எல்லாச் சிறாரும் உண்ணும் உப்பு அது ஒன்றே. சமையற்கூடத்தில் உப்பு வாய் திறந்த பானையில் அடுப்பருகே இருக்கிறதா, மூடிய கலத்தில் தள்ளி இருக்கிறதா என்பதை ஆய்வுக்கு வரும் அலுவலர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கொதிக்கும்போது சேர்ப்பதைவிட இறக்கும் தறுவாயில் சேர்த்தால் அயோடின் கூடுதலாக நிற்கும்.

அறிவியல் பாடவேளையில் மாணவர்களே தத்தம் வீட்டு உப்பில் ஒரு கரண்டி கொண்டுவந்து சோதனைச் சொட்டு விட்டுப் பார்க்கலாம். தீவுப் பள்ளிகளில் இந்தி, ஆங்கிலம், வங்காளம், தமிழ், தெலுங்கு எனப் பல பயிற்றுமொழிகள் உண்டு. நீல நிறத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆயினும் இச்சோதனை அயோடின் உண்டா இல்லையா என்பதைத்தான் நம்பகமாகச் சொல்லும். எவ்வளவு என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் அளவுமுறைச் சோதனை செய்தாக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சில மாதிரிகளை உறையிலிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் உடன் இருக்கவேண்டும்.

இறுதியாக, மாதிரி எடுக்கும் மாதத்தைப் பற்றி ஒரு சொல். போக்குவரத்து எளிது என்பதால் இத்தகைய கணக்கெடுப்புகளைக் கடல் அமைதியாக இருக்கும் சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் வைத்துக்கொள்ளவே அலுவலர்கள் விரும்புவர். அப்போது காற்று உலர்ந்திருக்கும், புதிய சரக்கு வந்திருக்கும், மீனும் கிடைக்கும். உப்பும் சிறுநீரும் அந்நாளில் காட்டும் எண் ஆண்டின் மிகச் சிறந்த எண். அதே பள்ளியில், அதே வகுப்பில், மழை ஓயாத செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஒருமுறை மாதிரி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.